இரண்டாம் ஓலை

என் கல்யாணத்துக்கு நடுக்கோயிலில் எழுந்து நின்று தடை சொன்னது நான்தான். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர் நாசரேத்தில் இதை இன்னும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். எனக்கு வேறொருவன் இருக்கிறான் என்று ஒரு கூட்டம், பாவம் பிள்ளைக்கு மூளை கலங்கிவிட்டது என்று இன்னொரு கூட்டம். இரண்டும் பொய். அடுத்தவர் வாயில் என் கதை நாறுவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் அப்பா ஏசுவடியான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அம்மா ஜெயபாய் டீச்சர். பெரியப்பா, அத்தை, அத்தையின் மருமகள் எல்லோரும் டீச்சர்தான். எங்கள் தெருவில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் என்ன வேலை என்று கேட்க மாட்டார்கள், எந்த ஸ்கூல் என்றுதான் கேட்பார்கள். நானும் கணக்கில் எம்.எஸ்சி., பி.எட். முடித்து ஒரு தனியார் பள்ளியில் கொஞ்ச காலம் பாடம் எடுத்தேன். எனக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா என்னைக் காட்டி, "வீட்டுலதான் சும்மா இருக்கா" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

நான் சும்மா இருந்த லட்சணத்தைச் சொல்கிறேன். கனடாவில் இருக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு நம் ஊர் பிளவுஸ் தைக்க டெய்லர் கிடையாது. அவளிடம் மெஷின் இருக்கும், துணி இருக்கும், துணியில் கத்திரியை வைக்கத்தான் பயம். அவள் என் வெப்சைட்டுக்கு வந்து தன் உடம்பு அளவுகளைப் போட்டால், நான் எழுதிய புரோகிராம் அவளுக்கென்றே ஒரு பேப்பர் கட்டிங்கை வரைந்து கொடுக்கும். அதைச் சாதாரணத் தாள்களில் பிரிண்ட் எடுத்து, ஒட்டி, துணிமேல் வைத்து வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். புரோகிராம் எழுதியது நான், எப்படி வெட்டுவது என்று வீடியோ போடுவது நான், பணம் வந்ததா என்று பார்ப்பது நான், கை இறுக்குகிறது, கழுத்து தொங்குகிறது என்றால் ஏச்சு வாங்குவதும் நான். பெரியதாழையில் அமலோற்பவம் என்று ஒரு அக்கா, தையல் கடை வைத்திருக்கிறாள், வாடிக்கையாளர்களுக்கு என்னிடம்தான் கட்டிங் வாங்குவாள். "ஏளா, இந்தக் கைக்குழிய அளந்து போட்டியா, கண்ண மூடிட்டுப் போட்டியா?" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். நான் அன்றைக்கே கணக்கைத் திருத்துவேன். அடுத்து வாங்குகிறவளுக்கு அந்தக் குறை இருக்காது. ஏச்சு நேரே என் காதுக்கு வருகிறதல்லவா, அதனால்தான் தொழில் ஓடுகிறது.

ஓடுகிறது என்றால் நன்றாகவே ஓடுகிறது. எங்கள் வீட்டு மச்சு ஒழுகாமல் இருப்பது அந்தக் காசில்தான். அதே மச்சுக்குக் கீழே படுத்துக்கொண்டுதான் அவர்கள் என்னைச் சும்மா இருக்கிறாள் என்று சொல்கிறார்கள்.

ஷாமை உறவுக்காரர்கள் மூலமாகப் பேசினார்கள். சாத்தான்குளத்துப் பையன், தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று எல்லோரும் அல்வாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் மட்டும் என்னிடம், பிளவுஸ் கைக்கு அந்த வளைவு எப்படிக் கணக்கில் வருகிறது என்று கேட்டான். கேட்டுவிட்டுக் காது கொடுத்தும் கேட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. நிச்சயதார்த்தம் முடிந்து போனில் பேசும்போதெல்லாம், "கல்யாணம் ஆனா என்ன, நீ உன் தொழிலப் பாரு. யாரு தடுக்கா?" என்பான். நான் நம்பினேன். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் எரிச்சல் வருவதில்லை, நம்பும்படிதான் அவன் சொன்னான்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் சபைக்கு முன்னால் கேட்பார். தேவாலயத்தை எங்கள் பக்கம் கோயில் என்றும் குருவானவரை ஐயர் என்றும்தான் சொல்வது. மாப்பிள்ளையின் கோயிலிலும் அன்றைக்கே அதே ஓலை. மற்ற இடங்களில் பெயரோடு நிறுத்திக்கொள்வார்களாம். எங்கள் ஆட்களுக்கு அது காணாது, படிப்பும் உத்தியோகமும் சேர்த்து வாசித்தால்தான் மத்தியானம் சோறு இறங்கும். ஓலை வாசிக்கிற அன்று பெண் கோயிலுக்குப் போகக் கூடாது என்று ஒரு வழக்கம் வேறு. ஏன் என்று கேட்டேன். "வெக்கம்" என்றாள் அம்மா.

சரி, வெட்கப்படுவோம் என்று முதல் ஓலை அன்று வீட்டில் இருந்து, யூடியூப்பில் எங்கள் கோயில் ஆராதனையின் நேரலையைப் போட்டேன். ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "சாத்தான்குளம் பொன்னுதுரை, ஞானபாய் தம்பதியரின் மகன் ஷாம் அவர்களுக்கும், நமது சபையைச் சேர்ந்த ஏசுவடியான், ஜெயபாய் தம்பதியரின் மகளும், வருகிற ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஆசிரியையாகப் பொறுப்பேற்கவிருப்பவருமாகிய ஜெப்ஸி அவர்களுக்கும்..."

காதில் விழுந்தது சரிதானா என்று வீடியோவைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். பொறுப்பேற்கவிருப்பவர். எனக்கே தெரியாமல் எனக்கு வேலை கிடைத்திருந்தது.

அம்மாவும் அப்பாவும் கோயிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"அவிய வீட்ல ஆசப்பட்டாவ" என்றாள் அம்மா. "மாப்பிள்ளையோட அம்மைக்குத் தெரிஞ்ச ஸ்கூல்ல ஒரு இடம் காலியா இருக்காம். உனக்குன்னு சொல்லி வச்சிருக்காவ. நல்ல காரியந்தானளா?"

"என்கிட்ட யாரு கேட்டா?"

"மாப்பிள்ளைகிட்ட கேட்டாச்சுல்லா. அவரு சரின்னுட்டாரு."

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு வார்த்ததானம்மா. கம்ப்யூட்டர்ல பிளவுஸ் வெட்டுத பிள்ளைன்னு கோயில்ல வாசிக்க முடியுமா?" என்றார்.

"ஏன் முடியாது?"

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் பெரிதில்லை, பழகிய கோபம். அந்த 'சரின்னுட்டாரு'தான் நெஞ்சில் போய்க் குத்தியது. ஜூன் மாதம் நான் வகுப்பில் நின்றால் என் கடை மூடியதுதான். அது தெரிந்தும் சரி என்று சொல்லியிருக்கிறான்.

மறுநாள் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போனேன். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஷாம் ஆபீசிலிருந்து இறங்கி வந்தான், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்ததும் வாடியது. எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனான்.

"அம்மைய சமாதானப்படுத்தத்தான் சரின்னேன். கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்" என்றான்.

"ஜூன்ல நான் வகுப்புல நிக்கணுமா, நிக்க வேண்டாமா? அத மட்டும் சொல்லுங்க."

"கொஞ்ச நாளைக்குப் போயிட்டு வாயேன். சாயங்காலம் வந்து உன் வேலையப் பாரு. உன் ஆளுவ கனடாவுலதான இருக்காவ, நமக்குச் சாயங்காலம்னா அவியளுக்குக் காலைலதான விடியும்?"

"சிங்கப்பூர்ல இருக்குதவளுக்கு? பெரியதாழைல இருக்குதவளுக்கு?"

"அப்பம் ஒரு ஆளப் போடு. எங்க சித்தி மகன் வீட்டுல சும்மாதான் இருக்கான். அவன் பாத்துப்பான்."

டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன். சும்மா இருக்கிற ஒருவனிடம் என் தொழிலைக் கொடுத்துவிட்டு, தொழில் செய்கிற நான் வேலைக்குப் போக வேண்டுமாம். இதை அவன் கேலியாகச் சொல்லவில்லை. உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, நல்ல மனதோடு சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆள் போடத் தெரியாமலா நான் ஒத்தையில நடத்துதேன்?" என்றேன். "கூட்டுச் சேர எத்தனையோ பேர் வந்தாச்சு. நடுவுல ஒரு ஆள் வந்தா வாங்குதவ சொல்லுதது அந்த ஆளோட நின்னுரும். எனக்கு வந்து சேராது. இது நானா யோசிச்சு, நான் ஒருத்தியாவே நடத்தணும்னு நடத்துத தொழில். வேற வழியில்லாம இல்ல."

"சரி சரி, கோவப்படாத."

"அடுத்த ஞாயிறு வாசிக்கதுக்குள்ள அதத் திருத்துங்க. நீங்க உங்க ஐயர்கிட்ட சொல்லுங்க, நான் எங்க ஐயர்கிட்ட சொல்லுதேன்."

"பாக்கேன்" என்றான்.

எங்கள் பக்கம் பாக்கேன் என்றால் பார்க்க மாட்டேன் என்று அர்த்தம். இருந்தாலும் காத்திருந்தேன். எங்கள் ஐயரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு வீட்டாரும் சேர்ந்து கொடுத்த ஓலை, மாப்பிள்ளை வீட்டாரும் ஒத்துக்கொண்டால்தான் திருத்த முடியும் என்றார். சனிக்கிழமை ஷாமிடமிருந்து மெசேஜ் வந்தது. 'அம்மா ரொம்ப கோவமா இருக்கா. இந்த ஒரு தடவை விட்டுரு.' பக்கத்தில் கும்பிடுகிற கைப் படம் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை நான் குளித்து, மயில்கழுத்து நிறத்துப் பட்டுச் சேலையை எடுத்தேன். அதற்கு என் கட்டிங்கில் நானே வெட்டித் தைத்த பிளவுஸ். அம்மா பார்த்துவிட்டு, "ஏளா, எங்க கிளம்புத?" என்றாள்.

"கோயிலுக்கு."

"இன்னைக்கு ஓலை வாசிப்பாவ. நீ வரப்படாது."

"எனக்கு வெக்கமா இல்லம்மா" என்றேன்.

பெண்கள் பக்கம் முன்வரிசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பின்னால் குசுகுசு என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஐயர் என்னைப் பார்த்தார், பார்க்காதது போல வேதபாடத்துக்குப் போனார். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தது பிறகுதான் தெரிந்தது. தைரியசாலிக்குப் பயம் இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஓலை வந்தது. அதே வாசகம், அதே பொறுப்பேற்கவிருப்பவர். "இவ்விருவரும் விவாகத்தில் இணைவதற்கு யாதொரு தடை இருப்பதாக உங்களில் யாராவது அறிந்திருந்தால் தெரிவிக்கலாம். இரண்டாம் முறையாகக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஐயர் அடுத்த தாளைப் புரட்டப்போனார். அந்தக் கேள்விக்கு இதுவரை எங்கள் கோயிலில் யாரும் பதில் சொன்னதில்லை. அவரும் பதிலுக்காகக் கேட்கவில்லை.

நான் எழுந்தேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"தடை இருக்கு, ஐயா."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆராதனை முடியட்டும் ஜெப்ஸி. உள்ள வந்து சொல்லு, பேசுவோம்."

"தடை இருந்தா சொல்லுங்கன்னு எல்லாருக்கும் முன்னாடிதான கேட்டீங்க ஐயா? நானும் எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிருதேன். நீங்க வாசிச்ச பொண்ணு நான் இல்ல. நான் எந்த ஸ்கூல்லயும் பொறுப்பேற்கப் போகல. பிளவுஸுக்குப் பேப்பர் கட்டிங் போட்டு இன்டர்நெட்ல விக்கேன். நான் ஒருத்தியாத்தான் நடத்துதேன், இனியும் நடத்துவேன். வாசிச்சா அதச் சொல்லி வாசிங்க. இல்லன்னா வாசிக்காதீங்க."

ஆண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ, "ஏளா, உக்காரு" என்றார்கள். தூணில் கட்டியிருந்த கேமரா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பம்பாயிலும் துபாயிலும் உள்ள நாசரேத்துக்காரர்கள் காலைக் காப்பியோடு என்னைப் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும். பொய்யை அத்தனை பேர் கேட்டார்கள், மெய்யையும் அத்தனை பேர் கேட்கட்டும்.

ஐயர் நல்ல மனுஷன். ஓலையை மடித்து வைத்தார். பிறகு, "இந்த விவாக அறிவிப்பு நிறுத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டுப் பாட்டு நம்பரைச் சொன்னார். ஆராதனை முடிந்து அப்பாவை உள்ளே கூப்பிட்டு, திருத்தின ஓலை வந்தால் முதலிலிருந்து மூன்று வாரம் வாசிக்க வேண்டும், வேறு வழியில்லை என்றாராம்.

நாங்கள் வீட்டுக்கு வருவதற்குள் வீடியோ சாத்தான்குளம் போய்விட்டது. ஷாமின் அம்மா ஞானபாய் டீச்சர் அப்பாவுக்குப் போன் செய்தார்கள். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அப்பா கேட்டார், எனக்கும் கேட்டது. "நாலு பேரு முன்னால எங்க குடும்பத்த நாறடிச்சிட்டாள்லா ஒங்க மக! யாருக்கும் கிடைக்காத வேலைய வாங்கிக் குடுத்தோம், அதுக்கு இதுதான் மரியாதையா?" அப்பா "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. அப்பாவை அப்படிப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து நின்றதற்கு வருத்தம் வரவில்லை.

சாயங்காலம் ஷாம் பைக்கில் வந்தான். சட்டை முழுக்கப் புழுதி. முகத்தில் ஒரு சிரிப்பு, ஏதோ சாதித்துவிட்டு வந்த மாதிரி. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. பொய் சொல்வானேன், வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"முடிச்சிட்டேன்" என்றான் ஷாம். "அம்மை ஒத்துக்கிட்டா. ஜூன்ல நீ வேலைல சேர வேண்டாம். அந்த இடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாவ."

"ஓலை?"

"அதையும் திருத்தியாச்சு. ரெண்டு பேருக்கும் பாதகமில்லாம ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன். ஆசிரியை, விடுப்பில். அப்படின்னு வாசிச்சாப் போதும்."

"விடுப்புல?"

"ஆமா. லீவுல இருக்குத டீச்சர். எத்தன வருஷம் லீவுன்னு யாரு கேக்கப் போறா? நீ பாட்டுக்கு வீட்டுல இருந்து உன் தொழிலப் பாரு. ஊருக்கு நீ டீச்சர். எல்லாருக்கும் திருப்தி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அம்மா மட்டும், "நல்ல யோசனைதானே" என்று முணுமுணுத்தாள். சிரித்து முடித்தபின் அவனிடம் கேட்டேன். "இத உங்க அம்மை சொன்னாங்களா, நீங்க சொன்னீங்களா?"

"நான்தான். மத்தியானம் பூரா யோசிச்சேன்" என்றான் பெருமையாக.

அங்கேதான் எனக்கு அவன்மேல் இருந்த பிடிப்பு விட்டுப்போனது. அவனுடைய அம்மா சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவனையும் என் பக்கம் நின்று சண்டை போடச் சொல்லியிருப்பேன். யாரும் சொல்லாமல், தானாகவே உட்கார்ந்து யோசித்து, என்னை ஒளித்துவைக்க ஒரு நல்ல இடம் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

உள்ளேயிருந்து அப்பா எழுந்து வந்தார். பனியனோடு, தலை கலைந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லீவ் யாரு சாங்ஷன் பண்ணினா?" என்றார்.

"மாமா?"

"நான் வாழ்நாள் பூரா லீவ் சாங்ஷன் பண்ணினவன். வேலைலயே சேராத ஆளுக்கு எப்படி லீவு? சேந்த தேதி எங்க? ரெஜிஸ்டர்ல பேரு எங்க?"

"மாமா, அது சும்மா ஒரு வார்த்தைதானே..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன், தம்பி. அந்த வார்த்தைய எழுதிக் குடுத்ததே நான்தான்." அப்பாவின் குரல் உயர்ந்தது. "டீச்சர்னு பொய் சொன்னோம். இப்பம் அந்தப் பொய்க்கு லீவு வேற குடுக்கணுமா? நாளைக்கு ரிட்டயர்மென்ட் விழாவும் எடுப்பியளோ?"

ஷாம் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்லி அவனைக் காப்பாற்றுவேன் என்பது போல. அப்பா பேசியதில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இது அப்பா முடிக்க வேண்டிய காரியம் இல்லை. நான் விரலிலிருந்து நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி, அவன் குடித்துவைத்த தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஜெப்ஸி, ஒரு பிளவுஸ் தாளுக்காகவா என்னைய வேண்டாம்னு சொல்லுத?"

"அந்தத் தாள் நான் செஞ்சது. அத ஒரு பிளவுஸ் தாளுன்னு சொல்லுத வீட்டுல எனக்கு என்ன வேலை?"

"நான் என்ன செய்யணும்னு சொல்லுத இப்பம்?"

"ரெண்டு வாரமா ஒரு பொண்ணப் பத்தி வாசிக்கச் சொன்னீங்கல்லா, அவளத் தேடிக் கட்டிக்கோங்க" என்றேன். "நல்ல பொண்ணாத்தான் இருப்பா. ஜூன்ல வேலைல சேந்துருவா."

அவன் மோதிரத்தை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் "வாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டுப் போனான். பைக் சத்தம் தெரு முனை தாண்டியது. அம்மா, "இனி உன்ன யாருளா கட்டுவா?" என்று ஆரம்பித்தாள். அப்பா அவளை, "சும்மா இரு ஜெயபாய்" என்று அடக்கினார். அப்பா என் பக்கம் நின்று அம்மாவை அடக்கியதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நன்றாகவே அழுதேன். கைக்கு அந்த வளைவு எப்படி வருகிறது என்று கேட்ட ஒருவனுக்காக அழுதேன். அவன் திரும்பி வந்து இன்னொரு வழி சொன்னாலும் என் பதில் மாறாது என்று தெரிந்தேதான் அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரில் ஒரு மெசேஜ் வந்து நின்றது. சிங்கப்பூரில் ஒருத்தி, பிள்ளை பெற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். தங்கை கல்யாணத்துக்குப் பிளவுஸ் தைக்க வேண்டும், போன மாதம் கொடுத்த அளவு இப்போது ஒன்றும் சேரவில்லை, பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் மாற்றித் தர முடியுமா, அக்கா, அவசரம் என்று எழுதியிருந்தாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவளுக்குப் பதில் சொல்ல என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. இருக்கவும் வேண்டாம்.